போன் ஏறாத வள்ளம்

ஜேசுபாதம்: எஞ்சின அமத்து மச்சான்... அமத்துங்கேன்!

கஸ்பார்: என்னல, பாறையா?

ஜேசுபாதம்: பாறைக்கு எங்கனலே முதுகெல்லாம் வெள்ளப் புள்ளி இருக்கும்?

கஸ்பார்: மாதாவே... சுறாவா மாப்ள?

ஜேசுபாதம்: பயப்படாத. இது ஆளக் கடிக்காது. கூனி எறாலும் பொடிமீனுந்தான் திங்கும். குனிஞ்சு பாரு, நம்ம வள்ளத்து நீளம்!

கஸ்பார்: ரெண்டடி கூடவே இருக்கும்ல. இருவது வருசமா கடலுக்கு வாரேன், இப்படி ஒண்ண...

ஜேசுபாதம்: பேசாத. அது வாயத் தொறக்குது.

கஸ்பார்: யம்மா... எங்க வீட்டு வாசக்கதவு அகலம்லா இருக்கு!

ஜேசுபாதம்: அவ்ளோ பெரிய ஒடம்புக்குக் கண்ணப் பாரு. கோலிக்குண்டு கணக்கா.

கஸ்பார்: ...மாப்ள.

ஜேசுபாதம்: ம்.

கஸ்பார்: இத மட்டும் நீ ரீல்ஸு போட்டன்னு வையி...

ஜேசுபாதம்: ஏன்லே கெளப்புத?

கஸ்பார்: உன் இன்ஸ்டாவுல லட்சம் பேரு சேர எவ்ளோ கொறையுது?

ஜேசுபாதம்: எண்ணூறு. அது சாம்பல் புதன் அன்னைக்குப் பாத்த கணக்கு. ஈஸ்டர் வரைக்கும் இன்ஸ்டா பக்கமே போவ மாட்டேன்னு கோயில்ல நேந்தாச்சு. உன் தங்கச்சி எமில்டா பக்கத்துலதான நின்னா.

கஸ்பார்: நேந்தது சாமிக்கா, என் சுண்டுவெரலுக்கா?

ஜேசுபாதம்: ரெண்டுக்குந்தான். நீ ஒத்தையில வல இழுக்க, நான் வீடியோ எடுத்துட்டு நின்னேன். கயிறு உன் வெரலக் கொண்டுட்டுப் போயிட்டு. போன் ஏறுன வள்ளத்துல ஏற மாட்டேன்னு நீயும் சொல்லிட்ட.

கஸ்பார்: சொன்னேன். ஆனா இன்னைக்கு ஒருநா இருந்திருந்தா...

ஜேசுபாதம்: இல்லாததுக்கு என்ன பேச்சு? ஏலே, அடியில வருது! பலகையில கைய வையி... வச்சியா? உரசுது!

கஸ்பார்: வள்ளமே சிலுத்துக்கிடுது மாப்ள.

ஜேசுபாதம்: எனக்கு அழுகையா வருதுலே. ஏன்னு தெரியல.

கஸ்பார்: அழு. இங்கன யாரு பாக்கா?

ஜேசுபாதம்: அந்தா... ஆழத்துக்கு எறங்கிப் போயிட்டு.

கஸ்பார்: ம்.

ஜேசுபாதம்: மச்சான், ஒண்ணு சொன்னா அடிக்கப்பிடாது.

கஸ்பார்: சொல்லித் தொல.

ஜேசுபாதம்: போன் இருக்கு. சோத்து வாளிக்கு அடியில, பாலிதீன் சுத்தி. நேந்த மறுநாளே கொண்டாந்துட்டேன். இப்ப நீ கேக்கயிலயும் பொய்தான் சொன்னேன். ஆனா எடுக்கத் தோணல மச்சான். எடுத்தா கண்ண அதுலல்லா வைக்கணும்.

கஸ்பார்: தெரியும். மூணு நாளாத் தெரியும். அதான் ரீல்ஸுன்னு கெளப்பிப் பாத்தேன். நீ வாளியத் தொட்டா நாளைக்கே நான் வேற வள்ளத்துக்குப் போயிரணும்னு, உன் கையவே பாத்துட்டு நின்னேன்... நான் அத முழுசாப் பாக்கல மாப்ள. வால் எப்படி இருந்துச்சு, சொல்லு.