மச்சான் வண்டியின் மஞ்சள் விளக்கு

எங்கள் கார் சர்வீஸ் சென்டரில் காத்திருப்பவர்களுக்குக் காபி இலவசம். கேட்பதற்கு நல்ல ஏற்பாடாகத் தெரியும். சும்மா உட்கார்ந்து காபி குடிக்கிறவனுக்குத்தான் உலகத்தில் இல்லாத குறையெல்லாம் ஞாபகம் வரும் என்பது அந்த மெஷினை வாங்கி வைத்த மேனேஜருக்குத் தெரியாது. அந்தக் குறைகளைக் காது கொடுத்துக் கேட்பது என் உத்தியோகம். கழுத்தில் டை கட்டிக்கொண்டு, கண்ணாடி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, "புரியுதுங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். புரியாவிட்டாலும் பாதகமில்லை.

விசாரணைக்கு வந்த நீங்கள், நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், மலைப்பாதையில் ஒரு லாரியைத் தாண்டிக்கொண்டிருந்தபோது அவருடைய வண்டி ஏன் பாதியில் சோர்ந்துபோனது என்பது உங்கள் கேள்வி. இரண்டே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னால் நான் ஏதோ கெட்டவன் மாதிரித் தெரியும். அதனால் முறையாகவே வருகிறேன்.

கம்பெனி செய்த காரியம் ஊருக்கே தெரியும். எங்கள் டீசல் வண்டிகளுக்குள் ஒரு கள்ளத்தனம் வைத்திருந்தார்கள். புகைச் சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் வண்டி அடக்க ஒடுக்கமாக மூச்சு விடும். ரோட்டுக்கு வந்ததும் இஷ்டத்துக்குப் புகை தள்ளும். அது பிடிபட்டது. உடனே கம்பெனி, புதிய சாப்ட்வேர் தருகிறோம், எல்லா வண்டியிலும் இலவசமாக ஏற்றிக் கொடுங்கள் என்று வேலையை எங்கள் தலையில் கட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டது. லேப்டாப்பை வண்டியில் சொருகிவிட்டு, அது ஏறி முடியும் வரை பக்கத்திலேயே தவம் கிடக்க வேண்டும். நடுவில் அறுந்துபோனால் மறுபடி முதலிலிருந்து. ஒருமுறை ஏற்றிவிட்டால் பழையதைத் திரும்பப் போட முடியாது. அப்படித்தான் பூட்டிவைத்திருந்தார்கள்.

முதல் ஆளாக வந்து நின்றவர் மச்சான். எதிலும் தான்தான் முதலில் என்பது அவர் சுபாவம். கட்டிட கான்ட்ராக்டர், நாலு பேர் நடுவில் குரல் எடுபடும் மனிதர். விசேஷ வீடுகளில் என்னைத் தோளில் கை போட்டு அழைத்துப்போய், "எங்க மாப்பிள்ளை கார் கம்பெனியில பெரிய அதிகாரி, வண்டி கழுவுற இடத்துக்குப் பக்கத்துல சீட்டு" என்று அறிமுகப்படுத்துவார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இருந்ததில்லை. அவர் வண்டிக்கு நானே உட்கார்ந்து, கம்பெனி சொன்னபடி, ஒரு குறையும் வைக்காமல் புதியதை ஏற்றிக் கொடுத்தேன்.

அப்புறம் ஆரம்பித்தது அர்ச்சனை. ஏற்றிக்கொண்டு போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பிக்கப் போய்விட்டது, டீசலைக் குடிக்கிறது, மேட்டில் முக்குகிறது என்று ஆளாளுக்குக் கரித்துக் கொட்டினார்கள். அவர்கள் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள்ளேயே அனுப்ப ஒரு வால்வு உண்டு. புதிய சாப்ட்வேர் அந்த வால்வை ஓய்வில்லாமல் வேலை வாங்கியது. அதில் கரி அடைக்கும். அடைத்தால் முதலில் டிரைவருக்கு எதிரே மஞ்சள் விளக்கு எரியும். அதற்குப் பிறகும் ஓட்டினால், வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகச் சக்தியைக் குறைத்துக்கொண்டு ஊர்ந்துபோகும். கம்பெனியோ, வண்டியில் எந்த மாற்றமும் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்று எங்களுக்கு எழுதியிருந்தது. வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் நான்தான்.

இப்படி இருக்கும்போதுதான் பல் டாக்டர் வந்து என் கண்ணைத் திறந்தார். அவர் வண்டிக்கு ஏற்றும்போது லேப்டாப் நடுவில் நின்றுவிட்டது. மறுபடி ஆரம்பிக்கச் சலிப்பாக இருந்தது. அவரும் காத்திருக்கும் அறையிலிருந்து வாட்சைக் காட்டிக்கொண்டே இருந்தார். முடிந்தது என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டேன். வண்டியில் இருந்தது அதே பழைய சாப்ட்வேர். மறுநாள் காலை கடை திறக்கும் முன்னே வந்து நின்றார்.

"என் வண்டிய என்ன பண்ணி வச்சிருக்கீங்க? நேத்து வரைக்கும் சிட்டா பறந்துச்சு. இன்னைக்கு ஆக்ஸிலேட்டர மிதிச்சா நகர மாட்டேங்குது."

எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. அவரைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போய், குரலைத் தாழ்த்தி, கம்பெனிக்குத் தெரியாமல் பழையதைத் திரும்பப் போட்டுத் தருகிறேன், வெளியே மூச்சு விடக்கூடாது என்றேன். வண்டிக்குள் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து, நிதானமாக ஒரு சீட்டாட்டம் ஆடினேன். தோற்றேன். பிறகு சாவியை அவரிடம் கொடுத்து ஒரு சுற்றுப் போய்வரச் சொன்னேன். திரும்பி வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்றார். இந்த வேலைக்கு வந்து அத்தனை நாளில் என்னை யாரும் அப்படி வாழ்த்தியதில்லை.

அன்றோடு நான் யார் வண்டிக்கும் புதியதை ஏற்றுவதை நிறுத்திவிட்டேன். ஏற்றினால் திட்டுகிறார்கள், ஏற்றாவிட்டாலும் திட்டுகிறார்கள் என்றால் எதற்கு ஐயா வீணாக மின்சாரச் செலவு? லேப்டாப்பைச் சொருகுவேன், சீட்டாடுவேன், சாவியைக் கொடுப்பேன். குறை சொல்லிக்கொண்டு வந்தவர்களுக்கு மறுபடி சொருகி, மறுபடி சீட்டாடி, பழையது போட்டாயிற்று என்பேன். பூரித்துப் போவார்கள். கைராசிக்காரன் என்று பேர் பரவி, வேறு சென்டர்களில் சாப்ட்வேர் போட வேண்டியவர்கள்கூட என்னைத் தேடி வந்தார்கள். சாப்ட்வேர் ஏற்றாத வண்டிகளின் புகையெல்லாம் எங்கே போயிற்று என்று உங்கள் உதவியாளர் கேட்டார். அது கண்ணுக்குத் தெரியாத புகை. அதைப் பற்றி ஒரு வாடிக்கையாளரும் என்னிடம் குறை சொன்னதில்லை.

அப்படி எல்லாரும் சந்தோஷமாக இருந்த நேரத்தில் மச்சான் வந்தார். மஞ்சள் விளக்கு அடிக்கடி எரிவதாகவும், ஒருநாள் நாற்சந்தியில் குறுக்கே போகும்போது வண்டி திடீரென்று ஊர்ந்து, பின்னால் வந்த பஸ் மயிரிழையில் ஒதுங்கியதாகவும் சொன்னார். தனியாகச் சொல்லியிருக்கலாம். காபி குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்.

"மாப்பிள்ளை, உங்கள நம்பித்தான முதல் ஆளா வண்டிய விட்டேன்? கெடுத்து வச்சிட்டீங்களே. தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். என் தங்கச்சி தலையெழுத்து."

பல் டாக்டர் அப்போது அங்கே இருந்தார். அவர் முன்னால் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

நான் சீட்டாடி அனுப்பியவர்களுடையது மனப்பிரமை, மச்சான் வண்டியில் இருப்பது நிஜமான கோளாறு என்பது எனக்குத் தெரியும். நானே ஏற்றியதல்லவா. அந்த வால்வை மாற்ற வேண்டும். மாற்ற வேண்டுமானால் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் அவர்களுடைய நிபுணர் வருவார், பக்கத்தில் நிற்கும் வண்டிகளையும் சும்மா விடாமல் சொருகிப் பார்ப்பார். என் கைராசி சந்தி சிரித்துவிடும். இதை ஒரு காரணமாக எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் முக்கியமான காரணம் அதுவல்ல என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஊரெல்லாம் நம்பிய வைத்தியத்தை மச்சானும் நம்புவாரா என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

பழையதைத் திரும்பப் போட்டுத் தருகிறேன் மச்சான் என்றேன். அன்றைய சீட்டாட்டத்தில் ஜெயித்தேன். பிறகு அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போனோம். மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி வழக்கம்போல ஊர்ந்தது. மச்சான் விளக்கு எரியும் இடத்தைப் பார்த்தார். எரியவில்லை. கொஞ்சம் யோசித்தார்.

"என் கால்தான் சரியா மிதிக்கல போலருக்கு மாப்பிள்ளை" என்றார்.

ஐயா, அந்த மனிதர் தன் ஆயுளில் தன்மேல் சந்தேகப்பட்டு நான் பார்த்ததே இல்லை. கட்டி முடித்த சுவர் கோணலாக இருந்தால் தரைதான் சரியில்லை என்று சாதிப்பவர். அவர் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. அதற்காக அவர்மேல் எனக்கு வன்மம் என்று எழுதிவிடாதீர்கள். அன்று அவர்மேல் எனக்குப் பாசமே வந்தது.

விளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்பீர்கள். பழுது பார்க்கும்போது எரிந்து தொந்தரவு கொடுக்காமல் இருக்க அதை அடக்கிவைக்க லேப்டாப்பில் வழி உண்டு. வேலை முடிந்ததும் மறுபடி திறந்துவிட வேண்டும். நான் அடக்கினேன், திறக்கவில்லை. நொறுங்கிய வண்டியிலிருந்து உங்கள் ஆட்கள் எடுத்த விவரம் சரியானதுதான். மறதி என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று என் வக்கீல் சொல்கிறார். மறதி இல்லை. விளக்கு எரிந்தால் மனிதனுக்கு நம்பிக்கை போய்விடும். நம்பிக்கை போனால் வைத்தியம் பலிக்காது. பழைய சாப்ட்வேரோடு போன வண்டிகளில் அடக்க வேண்டிய விளக்கே இல்லை. இவருக்கு மட்டும் அந்தக் கூடுதல் வேலையைச் செய்தேன், சொந்தக்காரர் என்பதால்.

மறுநாள் அவர் மலைமேல் நடக்கும் கட்டிட வேலையைப் பார்க்கப் போவதாக இருந்தது. அன்று இரவு சாப்பிடும்போது என் மனைவி, "அண்ணன் வண்டிய இன்னொரு தடவ நல்லா பாத்துடுங்களேன். மலை ஏறணும்ல" என்றாள். பார்த்தாயிற்று என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தானே வந்தேன்.

மலையடிவாரத்திலிருந்து அவர் எனக்குப் போன் செய்தது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. என்ன பேசினோம் என்பது தெரியாது என்றீர்கள். அதையும் மறைக்கப்போவதில்லை. வழியில் இரண்டு இடத்தில் வண்டி லேசாக இழுத்ததாகச் சொன்னார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். செருப்பை மாற்ற வேண்டும், கனமாக இருக்கிறது என்றார். அப்புறம் அவர் குரல் வேறு மாதிரி வந்தது.

"மாப்பிள்ளை, நேத்து எல்லார் முன்னாடியும் உங்கள அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நீங்க கெட்டிக்காரர்தான். தங்கச்சிய நல்ல இடத்துலதான் குடுத்திருக்கோம்." இதைச் சொல்லிவிட்டு, "மேல ஏறலாம்ல?" என்று கேட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயிலிருந்து எனக்கு வந்த ஒரே நல்ல வார்த்தை அது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தாராளமாக ஏறுங்கள் மச்சான், லாரி எதுவும் முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தால் தயங்காமல் மிதித்துத் தாண்டிவிடுங்கள் என்றேன். நீங்களே சொல்லுங்கள் ஐயா. அப்படிப்பட்ட நேரத்தில், இல்லை மச்சான், உங்கள் வண்டியில் நான் ஒன்றுமே செய்யவில்லை, திரும்பி வந்துவிடுங்கள் என்று சொல்ல எந்த மாப்பிள்ளைக்கு மனசு வரும்?