நிலவியல் மாணவி, வரிசை எண் 2316

என் பெயரும் கதவு எண்ணும் உறையிலிட்ட தனித்தாளில் உள்ளன. வயது இருபத்தொன்று. படிப்பு பன்னிரண்டாம் வகுப்பு. சலவை ஆலைக்குப் பின்புறத் தெருவில், இரண்டாம் மாடியில், தாயாருடன் குடியிருக்கிறேன். மாவட்டக் கல்வி அலுவலகத்தின் முன்னேற்றக் கண்காணிப்புப் பிரிவில் ஏழு மாதங்களாகத் தற்காலிகத் தொலைபேசி உதவியாளராக வேலை செய்கிறேன். அங்கே உடன் வேலை செய்யும் ஓய்வுபெற்ற ஆசிரியை மீது, பொய்ப்பதிவு செய்ததாகக் கொடுக்கப்பட்டுள்ள புகார் தொடர்பாக, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன். அவரை நாங்கள் டீச்சரம்மா என்று அழைப்போம்.

பள்ளி முடித்துப் போன ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை, நான்கு ஆண்டுகள், தொலைபேசியில் அழைத்து, மேற்படிப்பில் இருந்தால் ஒன்று, வேலையில் இருந்தால் இரண்டு, எதிலும் இல்லை என்றால் மூன்று என்று எண் போடுவதே எங்கள் பிரிவின் வேலை. எண்ணுக்குப் பக்கத்தில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. மற்றவர்கள் அதைக் காலியாக விடுவார்கள். டீச்சரம்மா மட்டும் எதிர்முனையில் சொல்வதை எல்லாம் எழுதுவார். அவர் இருபது வீடு முடிப்பதற்குள் நாங்கள் ஐம்பது முடிப்போம். எங்கள் மேற்பார்வையாளருக்கு எங்களுக்குள் பெயர் சதவீதம் சார். "டீச்சரம்மா, நீங்க போடறது பதிவா, தொடர்கதையா?" என்று அவர் கேட்பார். "வருஷத்துக்கு ஒரு தடவைதான் கேக்கறோம். சொல்றதை எழுதிக்கக் கூடவா வேணாம்?" என்பார் டீச்சரம்மா.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தப் பட்டியலில் நானும் ஒரு வரிசை. கல்லூரியில் நிலவியல் பிரிவில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. சேர வேண்டிய வாரத்தில் அப்பா கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. அம்மா ஆலை வேலையை விட முடியாது, ஆகவே நான் வீட்டில் இருந்தேன். அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்த பதினோராம் நாள் காலை, அம்மா ஆலைக்குக் கிளம்பும் முன், இருவரும் அப்பாவின் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தபோது, அம்மாவின் கைபேசி அடித்தது. நான் எடுத்தேன். ஒரு பெண் குரல், "என்னம்மா, காலேஜ்ல சேந்துட்டியா?" என்று கேட்டது. சேர்ந்துவிட்டேன் என்றேன். என்ன பாடம் என்று கேட்டது. நிலவியல் என்றேன். "அட, நம்ம மாவட்டத்துலயே நீ ஒருத்திதான்!" என்றது. விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த அம்மா என்னைப் பார்த்தார். அதன் பிறகு விரிப்பை இழுத்துச் செருகினோம். அந்தப் பொய் என்னுடையது, ஒருமுறை சொன்னேன். வேறு அழைப்பு எதுவும் நான் எடுக்கவில்லை, கைபேசி அம்மாவுடன் ஆலைக்குப் போய்விடும்.

சென்ற ஆண்டு அப்பா காலமானார். அதன் பிறகு இந்த வேலையில் சேர்ந்தேன். அன்று கைபேசியில் கேட்ட குரல் டீச்சரம்மாவுடையது என்று முதல் நாளே தெரிந்தது. சொல்லவில்லை. என் ஆண்டின் பட்டியல் அவர் பொறுப்பில் இருந்ததால் என் கைக்கு வரவில்லை, நானும் தேடவில்லை.

சென்ற மாதம் கல்லூரிகளின் சேர்க்கைப் பட்டியலோடு எங்கள் பதிவுகளை ஒப்பிட்டதில், ஒன்று என்று போட்டிருந்த பத்தொன்பது பேர் எந்தக் கல்லூரியிலும் இல்லை என்று தெரிந்தது. பத்தொன்பதும் டீச்சரம்மா எழுதியவை. இவ்வளவு விவரம் தொலைபேசியில் யார் சொல்வார்கள், எல்லாம் இவர் இட்டுக்கட்டியது என்று சதவீதம் சார் புகார் கொடுத்தார். காதில் விழுந்ததைத்தான் எழுதினேன் என்பதற்கு மேல் டீச்சரம்மா பேசவில்லை. அவர் மேசையிலிருந்து தொலைபேசியை எடுத்துவிட்டார்கள். வேலையும் போகும் என்று சொன்னார்கள்.

அதன் பிறகு அந்தப் பத்தொன்பது வரிசைகளையும் அச்செடுக்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. 2316 என்னுடையது. முதல் ஆண்டு: நிலவியலில் சேர்ந்துள்ளார், தகவல் மாணவி. இரண்டாம் ஆண்டு: விடுதியில் இருக்கிறாள், ஜன்னலோரக் கட்டில் கிடைத்திருக்கிறது, தகவல் தாய். மூன்றாம் ஆண்டு: பாறை பார்க்க மலைக்கு அழைத்துப் போனார்கள், வெயிலில் கறுத்து வந்திருக்கிறாள், பை நிறையக் கல், தகவல் தாய்.

ஆண்டில் ஏதோ ஒரு நாள், துணி மடித்துக்கொண்டே, "அந்தப் படிப்புல என்னதான்டி சொல்லித் தருவாங்க?" என்று அம்மா கேட்பது உண்டு. நூலகத்திலிருந்து நான் எடுத்து வைத்திருந்த புத்தகத்தைப் பார்த்துச் சொல்வேன். மலைக்குப் போவதைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். ஜன்னலோரக் கட்டிலைப் பற்றி நான் எதுவும் சொன்னதில்லை.

அதன் பிறகு சதவீதம் சாரிடம் போய், அந்த வரிசை நான்தான் என்றேன். "நல்லா இருக்கு! உன்னைத் தேடி ஊரெல்லாம் ஆள் விட்டிருக்கேன், நீ எனக்கே டீ வாங்கிட்டு வந்துட்டு இருக்கே" என்றார். வீட்டு எண்ணில் கேட்காமல் எந்தப் பதிவையும் மாற்றக் கூடாது என்பது விதி. ஆகவே டீச்சரம்மாவை வரவழைத்து, இந்த ஆண்டின் அழைப்பை ஸ்பீக்கரில் போடச் சொன்னார். நான் அங்கே இருப்பதைச் சொல்லக் கூடாது என்றார். மணி பத்தே முக்கால், அம்மாவுக்கு இடைவேளை.

"டீச்சரம்மாவா? இந்த வருஷம் இன்னும் காணோமேன்னு பாத்துட்டே இருந்தேன்" என்றார் அம்மா. பின்னால் இயந்திரங்கள் ஓடின. டீச்சரம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார். "முடிச்சிட்டா டீச்சரம்மா. நல்ல மார்க்கு" என்றார் அம்மா. அதன் பிறகு, "இப்ப வந்தா சேத்துப்பாங்களா டீச்சரம்மா? இல்ல, வயசு தாண்டிப் போச்சா?" என்று கேட்டார். யாரை என்று டீச்சரம்மா கேட்டார். "எம் பொண்ணைத்தான். வருஷத்துல ஒரு நாள், உங்க போன் வரப்ப மட்டுந்தான் அவ காலேஜ்ல இருந்தா" என்றார். சதவீதம் சார் ஸ்பீக்கரை அணைக்கக் கை நீட்டி, அணைக்காமல் கையை எடுத்துக்கொண்டார். சேர்த்துக்கொள்வார்கள் என்று டீச்சரம்மா சொன்னார். அவர் அதையும் குறிப்பில் எழுதினார்.

2316-இல் இரண்டு என்று மாற்ற எனக்கு ஆட்சேபணை இல்லை. டீச்சரம்மா எதையும் இட்டுக்கட்டவில்லை. மற்ற பதினெட்டு வீடுகளுக்கு நான் சாட்சி அல்ல. அங்கேயும் அழைத்துக் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இவை நான் சொன்னபடி எழுதப்பட்டு எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. ஓரிடத்தில் 'பொய்த் தகவல் கொடுத்த தாய்' என்று இருந்தது. பொய்தானே என்று, இதை எழுதிக்கொண்ட அலுவலர் கேட்டார். பொய்தான், ஆனால் அந்தச் சொல்லை அம்மாவைப் பற்றி நான் சொல்லவில்லை என்றேன். அது அடிக்கப்பட்டு, ஓரத்தில் என் கையெழுத்துப் பெறப்பட்டது. மீதி அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)