வெற்று டிஸ்கிலிருந்து கணினியை எழுப்பக் கற்பித்தவருக்கு

நூலகக் கணினிக் கூடத்தில், மாலை மூன்று மணிக்குக் கூடியிருப்போர்: முன்வரிசை நடுவில் தாங்கள், வலப்புறம் தங்கள் கணவர், இடப்புறம் தலைமை நூலகர், மடியில் ஒட்டாத உறையுடன். இரண்டாம் வரிசையில் நூல் கொடுத்து வாங்கும் கவுண்டர் எழுத்தரும், கிழிந்த நூல்களைக் கட்டும் பைண்டரும். எத்தனை முறை அழைத்தும் உட்காராமல் வாசலோரம் காவலர். சுவரோரப் பன்னிரண்டு கணினிகளின் முன்னே, நாற்காலிகளை நம் பக்கம் திருப்பிப்போட்டு வாசகர்கள். நின்று வாசிப்பவன், நூல்களை வரிசைப்படுத்தும் பட்டியலாளனாகிய நான்.

இருபத்தாறு ஆண்டுகள் எங்களோடிருந்து இன்று பணி நிறைவு காணும் கணினிப் பிரிவுப் பொறுப்பாளரே! பழுதென்று பிறர் ஒதுக்கிய பெட்டிகளுக்கெல்லாம் பரிவோடு உயிர்கொடுத்த பண்பாளரே! கேட்ட கேள்வியையே நாங்கள் கேட்டபோதும் கேலி செய்யாது கிளைவிரித்துச் சொன்ன கனிவின் உருவே! வணக்கம்!

விலை கொடுத்து வாங்கும் இயங்குதளம் நம் பழைய கணினிகளை ஏற்க மறுத்தபோது, எவரும் எடுத்தாளலாம், எவரும் உள்ளே பார்க்கலாம், எவரும் திருத்திப் பகிரலாம் என்னும் கட்டற்ற லினக்ஸைத் தாங்கள் கொணர்ந்தீர்கள். வேலைக்கு விண்ணப்பிக்க வருவோரும் தேர்வு முடிவு பார்க்க வருவோரும் அன்றுமுதல் வெறுங்கையோடு திரும்பியதில்லை.

அப்பெருமையில் எனக்கொரு பங்குண்டு. அது பெருமைக்குரிய பங்கன்று. நிர்வாகியாக நுழைந்த கணினியை அப்படியே விட்டுத் தாங்கள் தேநீர் அருந்தச் சென்ற பதினைந்தே நிமிடத்தில், உள்ளே கோப்புகள் அலங்கோலமாய்க் கிடக்கக் கண்டு என் கை சும்மா இருக்கவில்லை. முப்பதாண்டு பழக்கம்! அத்தனையையும் அகர வரிசையில் அடுக்கிவிட்டேன். கணினி எழவே இல்லை. திரும்பி வந்த தாங்கள் கேட்டீர்கள்:

"என்னண்ணே பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலம்மா. அடுக்கிதான் வச்சேன்."

பைண்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லவேளை, ஒவ்வொண்ணுக்கும் முதுகுல நம்பர் ஒட்டாம விட்டாரே!"

தாங்கள் சினக்கவில்லை. "புத்தகத்தை இடம் மாத்தி வச்சா என்ன ஆகும்ணே? உள்ளதான் இருக்கும், ஆனா கேக்குறவங்களுக்குக் கிடைக்காது. இதுவும் அப்படித்தான்" என்று சொல்லி, செத்த கணினியை முன்னால் வைத்தே எங்களுக்குப் பாடம் எடுத்தீர்கள். நடுவில் இருப்பது கர்னல். நினைவகம், டிஸ்க், விசைப்பலகை எதையும் யாருக்கு எவ்வளவு என்று பகிர்ந்தளிப்பது அதுவே. நாம் தட்டும் கட்டளையை வாங்கி உள்ளே சேர்ப்பது ஷெல். எது எங்கே என்று காப்பது கோப்பு முறைமை. யார் எதைத் தொடலாம் என்று வரையறுப்பது அனுமதி. வேண்டிய கருவிகளைக் கட்டுக்கட்டாய்க் கொணர்வது பேக்கேஜ். "பூட்டின பெட்டியைப் பழகிக்கத்தான் முடியும். இது திறந்த பெட்டி. புரிஞ்சுக்கலாம்" என்றீர்கள்.

அன்றுமுதல் மாதத்தின் முதல் திங்கட்கிழமைதோறும், வாசகர்க்குக் கதவு திறக்குமுன், ஒரு கணினியைத் தாங்களே துடைத்து வெறுமையாக்குவதும், ஆளுக்கொரு பகுதியாய் நாங்கள் அதைக் கட்டியெழுப்புவதும் வழக்கமாயிற்று. கவுண்டர் எழுத்தர் கர்னலைத் தம் கைக்குழந்தை போலக் கொஞ்சிப் பேசத் தொடங்கினார். வீட்டில் நிலைமை வேறு என்கிறார் தங்கள் கணவர்: "எல்லாத்தையும் கழட்டிக் காட்டுவா. டி.வி. ரிமோட்ட மட்டும் தர மாட்டா."

இந்நிலையில் சென்ற வாரம் தலைமையகக் கடிதம் வந்தது. தாங்கள் ஓய்வு பெற்றபின் இவ்வமைப்பை அறிந்தோர் எவருமில்லையாதலால், பன்னிரண்டு கணினிகளும் கிடங்குக்கு அனுப்பப்படும். வெற்று டிஸ்கிலிருந்து கட்டியெழுப்ப ஊழியர்களால் இயலுமெனில், செய்து பார்த்து, இன்றைய தபாலில் உறுதி கூற வேண்டும்.

இன்று காலை செய்து பார்த்தோம். தாங்கள் சன்னலோரம், கைகளைக் கட்டிக்கொண்டு, வாய் திறவாமல் அமர்ந்திருந்தீர்கள். பைண்டர் டிஸ்கைப் பங்கு பிரித்தார். எழுத்தர் கர்னலை ஏற்றினார். அனுமதிகளை நான் வரையறுத்தேன், எதையும் அடுக்கவில்லை. தலைமை நூலகர் பேக்கேஜ்களைச் சேர்த்தார். மறுதொடக்கம் செய்தோம். கருந்திரை. மீண்டும் செய்தோம். மீண்டும் கருந்திரை.

"போச்சு, கிடங்குதான்" என்றார் பைண்டர்.

தங்கள் கைவிரல்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றியதைக் கண்டோம். தாங்கள் எழவில்லை. அப்போது வாசலிலிருந்து காவலர் குரல்:

"ஏங்க, அக்கா எப்பவும் எந்திரிக்கும்போது கடைசியா ஒண்ணு அடிப்பாங்களே. அத யாரு அடிச்சா?"

"ஐயோ, பூட் லோடர்!" என்று எழுத்தர் நெற்றியில் அடித்துக்கொண்டார். மின்சாரம் வந்ததும் முதலில் விழித்துக் கர்னலை எழுப்பும் சிறுநிரல் அது. இத்தனை ஆண்டும் போகிறபோக்கில் தாங்களே அதை நிறுவிவந்ததால், எங்களில் எவர் பங்கிலும் அது விழவில்லை. எழுத்தர் வழிகாட்டி நூலைப் புரட்டிப் படித்துச் சொல்ல, நான் தட்டினேன். எழுந்தது! இப்போது ஒரு வாசகர் தம் நாற்காலிக்குப் பின்னே மறைத்துக்கொண்டிருக்கும் கணினி அதுதான்.

"என் தப்புதான். உங்ககிட்ட குடுக்காம நானே வச்சுக்கிட்டேன்" என்றீர்கள். அம்மையீர், அது ஒன்றே தாங்கள் எங்களுக்குத் தராதிருந்தது. அதுவும் இன்று வந்து சேர்ந்தது!

பதில் கடிதத்தில் கையொப்பமிட அழைத்தபோது, "நான் போட்டா அது என் கடிதம் ஆயிடும். வேண்டாம்" என்று மறுத்துவிட்டீர்கள். ஆகவே ஐவர் கையொப்பம் மட்டுமே அதிலுண்டு: "கட்டியெழுப்பினோம். எங்களுள் எவரை அழைத்தாலும் செய்துகாட்டுவோம்."

நோயின்றி, நோவின்றி, நூறாண்டு கடந்தும் தாங்கள் நிறைவாய் வாழ்க! தங்கள் கணவர் கைக்கு ரிமோட்டும் ஒருநாள் வருக!

தபால் நிலையம் நான்கு மணிக்கு மூடும். இவ்வரியை நான் வாசிக்கும்போது தலைமை நூலகர் உறையை ஒட்டுவார். காவலர் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுப்பார். வழிவிடுங்கள்.

தங்கள் பணியால் பெருமையுற்ற,
நூலக ஊழியர்கள் ஐவர்