எந்தப் பிள்ளையானாலும்

இந்த விசாரணை அறையின் மின்விசிறி உரசுகிறது. மேல்மூடி நழுவி இறங்கியிருக்கிறது, திருகை இறுக்கினால் நின்றுவிடும். பழுதைக் கண்டுவிட்டால் வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு வராது. ஒரே ஒரு முறைதான் மூடிக்கொண்டேன்.

ஆம்புலன்ஸ் அழைப்புகளைக் கையாளும் சர்வரைப் பராமரிப்பது எங்கள் வேலை. என் அக்கா வீட்டுக்காரர்தான் அங்கே தலைமை. ஒருமுறை கூட்டத்தில் நான் எழுதிய நிரலைத் தான் எழுதியதாகக் காட்டினார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்ததும், சிரித்துக்கொண்டே என் தோளில் தட்டினார்.

“உங்க அக்கா முகத்துக்காகத்தான் உன்னை இங்க வச்சிருக்கேன் மச்சான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். உள்ளே பற்றி எரிந்தது. அதே மேசையில், அதே ஆட்களுக்கு முன்னால் அவர் தலை குனிய வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

அதற்கு வழியை அவரே எழுதிவைத்திருந்தார். சர்வரை ஒரு தாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு வந்ததும் ஒரு பிள்ளையைப் பெற்று, பக்கத்து வண்டிக்குத் தகவல் சொல்ல அனுப்பும். எங்கள் தொழிலில் அப்படித்தான் பேசுவோம். பிள்ளை நடுவழியில் செத்தால் தாய்க்கு ஒரு சிக்னல் வரும், உடனே இன்னொரு பிள்ளை போகும். அது நான் எழுதிய பகுதி. அத்தான் எழுதிய அறிக்கைப் பகுதிக்கும் தனியே பிள்ளைகள் உண்டு. தன் பிள்ளையின் எண்ணைச் சொல்லி விசாரிக்க வேண்டிய இடத்தில் அவர் சோம்பேறித்தனமாக ‘எந்தப் பிள்ளையானாலும்’ என்று எழுதிவிட்டார். என் பிள்ளைகள் செத்த செய்தியையும் அவருடைய பகுதி வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தது.

இருந்தும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. செய்தி வராவிட்டால் சற்றுப் பொறுத்து இன்னொரு பிள்ளையை அனுப்பும்படி நான் ஒரு காவல் வைத்திருந்தேன். அதாவது, அவருடைய மானத்தை என் வேலை காப்பாற்றிக்கொண்டிருந்தது. அது நியாயமாகப் படவில்லை. காவலை எடுத்துவிட்டேன்.

அன்று அத்தான் நெஞ்சு கரிக்கிறது என்று வேலைக்கு வரவில்லை. மதியம் திரையில் ஒரு அழைப்பு ‘அனுப்பப்படுகிறது’ என்று அப்படியே நின்றது. அதன் பிள்ளை வழியில் செத்திருந்தது, செய்தி தாய்க்கு வரவில்லை. அக்காவின் எண். அத்தானுக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். தன் கைப்பிழையே தன்னைத் தேடி வந்திருக்கிறது என்றும் நினைத்தேன். மனசு குளிர்ந்தது, அதை மறைக்க மாட்டேன். அழைத்ததுமே தானாகப் போகும் குறுஞ்செய்தி, வண்டி கிளம்பிவிட்டது என்று அக்காவுக்குப் போயிருந்தது. அவள் மறுபடி அழைக்கவில்லை.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு அத்தான் உள்ளே வந்தார்.

“மாத்திரை போட்டதும் சரியாயிடுச்சு மச்சான். உங்க அக்காதான் போகாதீங்கன்னு பிடிச்சு வச்சிருந்தா. அவளுக்கே காலையிலேர்ந்து மூச்சு வாங்குது, என்னைப் பார்த்துக்கிறாளாம்.”

அந்த வீட்டில் அக்காவைத் தவிர வேறு யாரும் கிடையாது. அவள் அழைத்தது தனக்காகத்தான் என்று எனக்கு உடனே புரிந்தது. அப்போது வண்டி அனுப்பியிருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று மருத்துவர் சொன்னதாக நீங்களே சொன்னீர்கள். கையால் அனுப்ப ஒரு பொத்தான் போதும். ஆனால் நான் அழுத்தினால், பழுது எனக்கு முன்பே தெரியும் என்று ஆகிவிடும். பிறகு தப்பு அவருடையது என்று யார் நம்புவார்கள்? அவரே பார்க்கட்டும் என்று நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி வழிவிட்டேன். அவர் எதிர்மேசைக்காரரோடு நின்று பேசினார். தேநீர் எடுத்து வந்தார். பிறகுதான் திரையைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

எழுதிக்கொள்ளுங்கள். காவலை எடுத்தது நான். அக்காவின் எண்ணைப் பார்த்துக்கொண்டே சும்மா உட்கார்ந்திருந்ததும் நான்தான். ஆனால் அந்தத் தப்பு வார்த்தையை எழுதியவர் அவர், அதையும் விடாமல் எழுதுங்கள். அக்கா இருந்திருந்தால் என் பக்கம்தான் பேசியிருப்பாள்.