பைக்குப் பின்னால் ஒரு வால்

காரைக்குடி ரயில் நிலையத்தில் முன்பதிவு வரிசை. வெள்ளைக்காரர்களுக்குச் செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி ஒருவர், விடியற்காலையில் தன் பையை முதல் இடத்தில் வைத்துவிட்டுப் போனவர், கவுண்டர் திறக்கும் நேரத்துக்குச் சரியாக வந்தார்.

“நான் ஆறு மணியில இருந்து நிக்கிறேன். நீங்க இப்பத்தான் வாரீக” என்றார் பைக்குப் பின்னால் நின்ற அம்மா.

“கியூன்னா என்னன்னு தெரியுமாம்மா? பிரெஞ்சுல வாலு. ஜெர்மன்காரக பாம்புன்னு சொல்லுவாக. இத்தாலியிலயும் வாலுதான்.”

“எந்த நாட்டுலயாச்சும் பைன்னு சொல்றாகளா?”

“அப்படி எங்கயும் இல்லையே.”

“அப்பப் பையைத் தூக்குங்க. வாலு அங்குட்டு இருக்கு.”