பூஞ்சை பிடிக்காத பிளாப்பி

மல்லாட்டைக் கடலை தின்ற கையோடு பிளாப்பியைத் தொடக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் அது அத்தோடு போயிற்று. திண்டிவனத்தில் இதைச் சொல்லி யாரைத் திருத்துவது?

நான் கோதண்டபாணி, ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட். ஆபீசில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டரை ஏலத்தில் எடுத்து வந்தேன். அதைப் போட்டால் வரும் ஊதலில் விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் கிளம்பிவிடும். அதில் ஒரு கோட்டை ஆட்டம் உண்டு. நாற்பது அறை, அறைக்கு ஒரு பூதம். நான்கு வருடமாக முப்பத்தெட்டைத் தாண்டவில்லை. குற்றம் என் விரலில் இல்லை. ஆடிய இடத்தைப் பிளாப்பியில் பதிந்து வைப்பேன்; மறுநாள் அது கறகறவென்று அரைத்துவிட்டு என்னை முதல் அறைக்கே துரத்திவிடும். புதிது கேட்டால், "மியூசியத்துல கேளுங்க பெரியவரே" என்கிறார்கள் கடையில்.

பிளாப்பி ஓடும் மிஷின் என்னிடம்தான் இருக்கிறது என்று ஜனங்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். அப்போதுதான் ஒன்று கவனித்தேன். வேண்டாத பிளாப்பி பரணில் கிடந்து பூஞ்சை பிடித்திருக்கும். உயிராக வைத்திருந்ததுதான் பளிச்சென்று இருக்கும். எனக்கு எது உபயோகப்படும் என்று நீங்களே சொல்லுங்கள்.

கோட்டக்குப்பத்திலிருந்து சபியா பீவி வந்தார். பிஸ்கட் டப்பாவுக்குள் பட்டுத் துணி, துணிக்குள் பிளாப்பி.

"எங்க வூட்டுக்காரரு சார்ஜால இருக்கசொல்ல ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அடிச்ச கடுதாசிங்க சார். ஊருக்கு வந்து நானே படிச்சிக் காட்டறேன்னாரு. அவரு வரல, அவரு பொட்டிதான் வந்துச்சி. இருபத்தாறு வருசமா இத வச்சிக்கினு இருக்கேன்."

"வச்சிட்டுப் போம்மா. பழசு, பேஜாரு பண்ணும். பாக்கறேன்."

பேஜாரு எதுவும் பண்ணவில்லை. போட்ட மாத்திரத்தில் திறந்தது. பதினோரு கடிதங்கள், இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழ். ஒன்று விடாமல் படித்தேன். அந்த மரியாதையில் நான் குறை வைக்கவில்லை. ஆறாவதில், வயிற்றிலிருந்த பிள்ளைக்குப் பெயர் யோசித்திருந்தார். கடைசியில், மார் வலிக்கிறது, போனில் உன்னிடம் சொல்ல மனசு வரவில்லை என்று இருந்தது. நன்றாக எழுதுகிற மனிதர்.

பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு என் ஆட்டத்தைப் பதிந்தேன். மறுநாள் போட்டேன். ஒரு முனகல் இல்லாமல் படித்தது. அப்படியொரு பிளாப்பியை நான் கண்டதே இல்லை.

அடுத்த வாரம் சபியா பீவி வந்தார்.

"பூஞ்சைம்மா. ஒண்ணும் தேறல."

"ஒரு வரி கூடவா சார்? எம் பேராச்சும் இருந்துதா?"

பதினோரு கடிதமும் சபியா என்றுதான் தொடங்கின. அதைச் சொன்னால் மற்றதையும் கேட்பார். இல்லை என்றேன்.

"பரவால்ல சார். அதயே குடுங்க, அவரு கை பட்டது."

கணவர் கையால் எழுதி ஒட்டிய லேபிளை முன்பே பதமாகப் பெயர்த்து, என்னிடமிருந்த பூஞ்சை பிளாப்பி ஒன்றில் ஒட்டி வைத்திருந்தேன். அதைக் கொடுத்தேன். அவர் துணியில் சுற்றிக்கொண்டார்.

"இவ்ளோ மெனக்கெட்டீங்க. ஒங்களுக்காவ துவா செய்றேன் சார்."

இதுவரை பதினேழு பேர் வந்திருக்கிறார்கள். ஒருவரையும் நான் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.