ஊசியும் டேபிள் ஃபேனும்

முதலில் உட்காருங்கள் இன்ஸ்பெக்டர் தம்பி. நின்றுகொண்டே விசாரித்தால் உங்களுக்குத்தான் கால் கடுக்கும். நான் எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை.

அக்குபங்சர் ஊசி காது இரைச்சலைக் குறைக்குமா என்று கேட்டீர்கள். உண்மையைச் சொன்னால், எனக்குத் தெரியாது. என்னிடம் வந்தவர்களில் சிலருக்குக் குறைந்தது. ஊசி போடாமல் இருந்திருந்தாலும் குறைந்திருக்குமோ என்னவோ. ஆனால் என் அறையில் படுத்திருக்கும்வரை எல்லோருக்கும் குறைந்தது. காரணம், கட்டில் பக்கத்தில் ஒரு பழைய டேபிள் ஃபேன் வைத்திருந்தேன். உர்ரென்று ஓடும். அந்தச் சத்தத்தில் காதுக்குள் கேட்கும் சத்தம் அமுங்கிவிடும். அது ஓடும்போதே, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பேன். வாசலுக்கு வெளியே வைத்து யாரையும் கேட்டதில்லை.

லேத் பட்டறைக்காரர் அப்படித்தான் வந்தார். பல வருடம் இரும்புச் சத்தத்தில் நின்ற மனிதர். பட்டறையில் ஒன்றும் தெரியாது. வீட்டில் எல்லோரும் தூங்கியபின் காதுக்குள் விசில் ஊதும். என் கட்டிலில் படுத்தால் கண்ணை மூடிக்கொண்டு, "டாக்டரம்மா, நீங்க இல்லேன்னா நான் பைத்தியமாயிருப்பேன்" என்பார். நான் டாக்டர் இல்லை. இருந்தாலும் அப்படிக் கூப்பிட்டால் நன்றாகத்தான் இருந்தது.

ஒரு நாள் சிரித்துக்கொண்டே வந்தார். காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "எங்க வீட்டுப் பரண்ல ஒரு ஃபேன் கெடந்துச்சு. எறக்கி ஓட விட்டேன், விடியற வரைக்கும் அசையாம தூங்கினேன். இனிமே அதுதான் எனக்கு டாக்டர். ஒரு வெள்ளைக் கோட்டு தைச்சுப் போடணும்!" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே அழைத்து, வழக்கம்போல் ஊசி வைத்தேன்.

"ஊசி போட்ட காதுல ராத்திரி முழுக்க ஃபேன் சத்தம் படக்கூடாதுங்க" என்றேன். "மொதல்ல சுகமாத்தான் இருக்கும். அப்புறம் நரம்பு செத்துப்போகும்."

"கேக்கவே கேக்காதா? எம்பொண்ணு பேசுறதுகூடவா?"

"சின்னக் குரல்தான் மொதல்ல போகும்."

அவர் முகம் வெளுத்தது. அன்றே ஃபேனைத் திரும்பப் பரணில் ஏற்றிவிட்டார்.

அடுத்த வாரமே கண் சிவந்து வந்து படுத்தார். எனக்கு மனது நிறைந்துபோனது. அதை மறைக்க மாட்டேன்.

மழைக்காலத்தில் அவர் மனைவி வந்தாள். வாசலில் குடையை மடக்கி வைத்துவிட்டு, குளிரில் சேலையை இழுத்துப் போர்த்தியபடி நின்றாள். "அம்மா, அவரு தூங்கியே ரொம்ப நாளாச்சு. பட்டறையில நின்னுக்கிட்டே கண்ணு சொக்குறாராம். ஒரே ஒரு ராத்திரி ஃபேன் போட்டுக்கட்டுமா?"

"உன் இஷ்டம்மா. காது போச்சுன்னா என்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

அவள் என் பின்னால் பார்த்தாள். "இங்க மட்டும் ஓடுதே?"

"எனக்கு வேர்க்குது" என்றேன்.

அவள் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பாவம், நல்ல பெண்.

அடுத்த நாள் பட்டறையில் அவர் கண் சொக்கி முன்னால் சாய்ந்திருக்கிறார். சட்டைக் கை சுழலும் இரும்பில் சிக்கி, ஆளையே உள்ளே இழுத்துவிட்டது. ஓடிப்போய் மெஷினை நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

கொன்றது மெஷின் என்று நான் சொல்லவில்லை. அவர் தூக்கத்தை எடுத்தது நான். நரம்பு சாகும் என்று நான் சொன்னது பச்சைப் பொய். ஃபேன் சத்தம் காதை ஒன்றும் செய்யாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். எனக்கும் அதே விசில் உண்டு; கல்யாணமான புதிதிலிருந்தே உண்டு. என் காதில் நானே ஊசி வைத்துப் பார்த்து அலுத்துவிட்டேன். அந்த ஃபேன் ஓடாமல் நான் ஒரு இரவும் தூங்கியதில்லை.

ஆனாலும் தம்பி, என்னை நம்பி வந்தவர்களை நான் கைவிட்டதில்லை. அவர்தான் என்னை விட்டுப் போகப் பார்த்தார்.

பேச்சு நின்றால் இந்த அறை ரொம்ப அமைதியாகிவிடுகிறது. மூலையில் இருக்கும் அந்த ஃபேனைக் கொஞ்சம் போட்டுவிடுங்கள். காதுக்காக இல்லை. வேர்க்கிறது.